மண்டிக் கணக்கும் காணிக்கைக் கணக்கும்

மண்டிக் கணக்கன்:
கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்காய் மண்டியில் எடை எழுதுகிறேன். எங்கள் சர்ச் சபையில் காணிக்கை எண்ணுவதும் நான்தான். பெங்களூரா மாங்காய் சீசனில், அழுகலுக்கென்று விவசாயியின் எடையில் டன்னுக்கு 50 கிலோ கழிவு பிடிக்கச் சொல்கிறார் முதலாளி. அழுகல் அதில் பாதிகூட இருக்காது. போன வாரம் லோடு இறக்கிய பெரியவர் எங்கள் சபைக்காரர். ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்து, "ஸ்தோத்திரம் தம்பி" என்றார். கூசிப்போனேன். வேலையை விட்டால் பையனுக்கு ஃபீஸ் கட்ட முடியாது. என்ன செய்ய?

பாலக்கோடு அக்கா:
பைபிளில் நீதிமொழிகள் 11:1 கள்ளத்தராசைப் பற்றித்தான் பேசுகிறது, தம்பி. அழுகலைத் தனியே எடை போட்டு, அதை மட்டும் சீட்டில் எழுதிப் பாருங்கள். முதலாளி கேட்டால் காட்டலாம்.

ஓசூர்க்காரன்:
பைபிளில் வரும் வரி வசூலிப்பவன் சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான், சரி. ஆனால் அவன் பணக்காரன். சம்பளக்காரரிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. போதகரிடம் தனியாகப் பேசுங்கள். ஜெபக் கூட்டத்தில் சாட்சியாகச் சொல்லிவிடாதீர்கள், ஊரே பேசும்!

மண்டிக் கணக்கன்:
அக்கா சொன்னபடி செய்தேன். நேற்று ஒரு டன்னில் அழுகல் 18 கிலோ. சீட்டைப் பார்த்த முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, முகம்தான் சரியில்லை. அந்தப் பெரியவரிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.