பணம் குறைவான நாடு புற்றுநோய்த் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

முதுகலை மாணவன்:

எல்லோருக்கும் வணக்கம். பொதுச் சுகாதாரத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். குறைந்த வருமானமுள்ள ஒரு நாட்டுக்குப் பத்தாண்டு தேசியப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். நாடு கற்பனை. பணம் மட்டும் நிஜமாகவே குறைவு என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு புற்றுநோய்க்கும் ஓர் இலக்கு வைத்திருக்கிறது. கருப்பை வாய்க்கு 2030க்குள் 90-70-90: 15 வயதுக்குள் 90 சதவீதச் சிறுமிகளுக்கு எச்பிவி தடுப்பூசி (கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரசுக்கு எதிரானது), 35 வயதிலும் 45 வயதிலும் 70 சதவீதப் பெண்களுக்குத் தரமான பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை. மார்பகத்துக்கு 60-60-80: 60 சதவீதம் பேருக்காவது நோயைத் தொடக்க நிலையிலேயே கண்டுபிடிப்பது, 60 நாளுக்குள் நோயை உறுதி செய்வது, 80 சதவீதம் பேர் சிகிச்சையை முடிப்பது. குழந்தைகளில் 60 சதவீதம் பேராவது பிழைக்க வேண்டும் என்று இன்னொன்று. எல்லாமே நியாயமானவைதான். ஆனால் ஒன்றுக்குப் போடும் காசு மற்றொன்றிலிருந்துதானே வர வேண்டும்?

என் கேள்விகள் இரண்டு. எதை முதலில் வைப்பது: தடுப்பூசியா, பரிசோதனையா, கதிர்வீச்சு எந்திரமா? அப்புறம், இந்த இலக்குகளுக்கும் இவற்றின் பின்னால் இருக்கும் உலக சுகாதார நிறுவனத் தீர்மானங்களுக்கும் ஒரு நாடு கட்டுப்பட்டே ஆக வேண்டுமா?

சட்டப் பக்கம்:

இரண்டாவது கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். புற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாடு பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை 2005இல் ஒரு தீர்மானம் போட்டது, 2017இல் இன்னொன்று. இரண்டுமே சட்டப்படி எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் பேசி முடித்து நாடுகளைக் கட்டுப்படுத்தும்படி உருவான முதல் ஒப்பந்தம் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கைதான். 2003இல் ஏற்கப்பட்டு 2005 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது.

அது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. உருகுவே சிகரெட் பெட்டியின் இரு பக்கத்திலும் 80 சதவீத இடத்தை எச்சரிக்கைக்கு ஒதுக்கியது. 2010இல் சிகரெட் நிறுவனமான பிலிப் மோரிஸ் அந்தச் சிறிய நாட்டின் மீது பன்னாட்டு நடுவர் மன்றத்தில் வழக்குப் போட்டது. 2016 ஜூலையில் தீர்ப்பு உருகுவேக்குச் சாதகம். வழக்குச் செலவுக்காக 70 லட்சம் டாலரை நிறுவனம் நாட்டுக்குத் தர வேண்டியதாயிற்று. உடன்படிக்கை அந்த நாட்டுக்குக் கவசமாக நின்றது.

உங்கள் திட்டத்துக்கு இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. சிகரெட்டின் சில்லறை விலையில் குறைந்தது 75 சதவீதம் வரியாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நீங்கள் அடுக்கிய மற்றதெல்லாம் பணம் கேட்கும், இந்த ஒன்று கஜானாவுக்குப் பணம் கொண்டுவரும்.

பதிவேட்டுக்காரி:

தம்பி, நான் ஒரு புற்றுநோய்ப் பதிவேட்டில் வேலை பார்க்கிறேன். ஒரு ஆஸ்பத்திரியின் பதிவேடு அல்ல, ஒரு பகுதியின் மக்கள் முழுவதையும் கணக்கில் எடுக்கும் பதிவேடு. பயாப்ஸி (திசுப் பரிசோதனை) அறிக்கையையும் இறப்புச் சான்றிதழையும் படித்து, பன்னாட்டு நோய் வகைப்பாட்டின்படி எந்த உறுப்பின் புற்றுநோய் என்று குறியீடு போடுவது என் வேலை. நீங்கள் கேட்ட மூன்றையும் விட்டுவிட்டு நான்காவதாக ஒன்றைச் சொல்கிறேன்: எண்ணத் தொடங்குங்கள்.

எங்கள் மேசைக்கு வரும் ஒரு வரியைப் பாருங்கள். 'கல்லீரல் பயாப்ஸி, அடினோகார்சினோமா.' பழக்கமில்லாதவர் பார்த்ததுமே கல்லீரல் புற்றுநோய், சி22 என்று போட்டுவிடுவார். ஆனால் அடினோகார்சினோமா என்பது சுரப்பித் திசுவில் தொடங்கும் புற்றுநோய், அது குடலிலோ கணையத்திலோ தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவியதாகவும் இருக்கலாம். பல நேரம் அப்படித்தான் இருக்கும். கேஸ் ஷீட்டைத் தேடி எடுக்க வேண்டும். கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்தார்களா, ஸ்கேனில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு தாளாகப் புரட்ட வேண்டும். தொடங்கிய இடம் தெரிந்தால் அந்த உறுப்பின் குறியீடு. எங்கும் தெரியவில்லை என்றால் சி80.9. இப்படித் தேடாமலே எல்லாவற்றையும் சி22 என்று போட்டுக்கொண்டு போனால், நாட்டின் கணக்கில் கல்லீரல் வீங்கும், குடல் கண்ணுக்கே தெரியாது. அடுத்த பட்ஜெட் அந்தக் கணக்கை நம்பித்தான் போடப்படும்.

கருப்பை வாய் விஷயம் இதைவிட மோசம். இறப்புச் சான்றிதழில் 'கருப்பைப் புற்றுநோய்' என்று மட்டும் எழுதிவிடுவார்கள். கருப்பை வாய் என்றால் சி53, கருப்பையின் உடல் பகுதி என்றால் சி54. எது என்று தெரியாவிட்டால் சி55. சி53இல் விழும் நோயை எச்பிவி தடுப்பூசி தடுக்கும், சி54இல் விழுவதைத் தடுக்காது. நீங்கள் சொன்ன 90-70-90 எங்கே போய் முடிய வேண்டும் தெரியுமா? ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண்களில் புதிய நோயாளிகள் 4 பேருக்கும் கீழ். அதுதான் ஒழிப்பு என்பதற்கு வைத்த எல்லை. கருப்பை வாய் நோயாளிகள் நிறையப் பேரைச் சி55இல் போட்டு வைத்திருக்கும் நாடு, ஒரு பெண்ணைக்கூடக் காப்பாற்றாமல் அந்த எல்லையை நெருங்கிவிட்டதாகத் தாளில் காட்டிவிடலாம். இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்த நாட்டில் செத்தவள் செத்ததாகக்கூடச் சரியாக எழுதப்படவில்லை.

பிரான்சின் லியான் நகரில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வெளியிடும் குளோபோகான் கணக்கை நீங்கள் கட்டாயம் மேற்கோள் காட்டுவீர்கள். 2022க்கு 185 நாடுகள், சுமார் 2 கோடிப் புதிய நோயாளிகள், 97 லட்சம் இறப்புகள். அந்த வரைபடத்தில் எல்லா நாட்டுக்கும் ஒரு நிறம் இருக்கும். சொந்தமாகப் பதிவேடு இல்லாத நாட்டுக்கு அக்கம்பக்கத்து நாடுகளின் கணக்கை வைத்து மதிப்பிட்டிருப்பார்கள். முகமை இதை ஒளிக்கவில்லை, முறையை விளக்கித்தான் வெளியிடுகிறது. திட்டம் எழுதுகிறவர்கள்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் போய்விடுகிறார்கள்.

கெட்டதைக் காட்டிக்கொடுப்பதும் பதிவேடுதான். தென்கொரியாவில் பரிசோதனைக்கு வந்தவர்களுக்குக் கழுத்தில் அல்ட்ராசவுண்டும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் பரவியது. 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் 15 மடங்கு ஆனது. இறப்பு விகிதம் அசையவே இல்லை. ஆயுள் முழுக்கத் தொந்தரவே தராத கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் தைராய்டை இழந்து, வாழ்நாள் முழுக்க மாத்திரை போடும்படி ஆனது. புதிய நோயாளிகளின் கோடும் இறப்பின் கோடும் ஒரே தாளில் இருந்ததால்தான் 2014இல் மருத்துவர்கள் எழுந்து கேள்வி கேட்க முடிந்தது.

வார்டு டாக்டர்:

அக்கா சொல்வது சரிதான், ஆனால் மாணவர் அதைத் தப்பாகப் புரிந்துகொள்ளும் ஆபத்து இருக்கிறது. பதிவேடு நிலைத்து நிற்கப் பல வருடம் ஆகும். அதுவரை சிறுமிகளைக் காக்க வைக்க முடியுமா? உலகில் எங்கே எடுத்தாலும் கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு எச்பிவி 16, 18 வகைகள்தான் காரணம். அதற்கு உள்ளூர்ப் புள்ளிவிவரம் தேவையில்லை. ருவாண்டா 2011லேயே நாடு முழுக்கத் தொடங்கியது, அது பணக்கார நாடு அல்ல. 2022 டிசம்பரில் ஒரு டோஸ் அட்டவணையையும் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட பிறகு செலவும் அலைச்சலும் பாதிக்குப் பாதி குறைந்தன. கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி வைரசுக்கு எதிராகப் பிறந்த குழந்தைக்குப் போடும் ஊசியும் அப்படித்தான், உள்ளூர்க் கணக்குக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பரிசோதனைக்குத்தான் பொறுமை வேண்டும். கண்டுபிடித்தால் சிகிச்சை தர வழி இருக்க வேண்டும் என்பது 1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் எழுதிய விதி. இன்றும் மாறவில்லை. 2019 நிலவரப்படி, அரசு மருத்துவ அமைப்பில் முழுமையான புற்றுநோய்ச் சிகிச்சை கிடைப்பதாகச் சொன்னவை உயர் வருமான நாடுகளில் 90 சதவீதத்துக்கும் மேல், குறைந்த வருமான நாடுகளில் 15 சதவீதத்துக்கும் கீழ். கட்டி இருக்கிறது என்று ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டு, போக இடம் காட்டாமல் அனுப்புவது கொடுமை. பயாப்ஸி முடிவு, அறுவை, கதிர்வீச்சு மூன்றுக்கும் வழி செய்த பிறகு முகாம் போடுங்கள்.

பதிவேட்டுக்காரி:

டாக்டர் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். காரணம் ஏற்கெனவே தெரிந்த இடத்தில், அதாவது புகையிலை, ஹெபடைடிஸ் பி, எச்பிவி இந்த மூன்றிலும், கணக்குக்காகக் காத்திருக்கவே கூடாது.

ஆனால் ஊசி போடத் தொடங்கும் அதே வருடம் பதிவேடும் தொடங்க வேண்டும். இன்று ஊசி போட்டுக்கொள்ளும் 12 வயதுச் சிறுமிக்குப் புற்றுநோய் வரக்கூடிய வயது வர இன்னும் எத்தனையோ வருடம் இருக்கிறது. அன்று குறைந்ததா என்று கேட்டால், எதிலிருந்து குறைந்தது என்று சொல்ல இன்றைய எண் வேண்டும். தைவான் 1984இல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. அவர்களிடம் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு 1979லிருந்தே இருந்தது. அதனால்தான் 6 முதல் 14 வயதுவரை உள்ள குழந்தைகளில் கல்லீரல் புற்றுநோய் லட்சத்துக்கு 0.70இலிருந்து 0.36ஆக இறங்கியதை 1997இல் உலகத்துக்கே காட்ட முடிந்தது. ஒரு தடுப்பூசி புற்றுநோயைக் குறைக்கும் என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தோம்.

வலிதணிப்பு நர்ஸ்:

சட்டப் பக்கம் நண்பருக்கு ஒரு வார்த்தை. நாடுகளைக் கட்டுப்படுத்தும் இன்னொரு ஒப்பந்தமும் புற்றுநோயாளியின் கட்டிலருகே வந்து நிற்கிறது: 1961ஆம் ஆண்டின் போதைப்பொருள் உடன்படிக்கை. வலி தணிக்க மார்ஃபின் போன்ற இந்த மருந்துகள் இன்றியமையாதவை என்று அதன் முகப்பிலேயே எழுதியிருக்கிறது. நாடுகள் தடுக்கும் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கிடைக்கச் செய்யும் பாதியை விட்டுவிட்டன. வலிதணிப்புச் சிகிச்சை தேவைப்படுவோரில் ஏறக்குறைய 14 சதவீதம் பேருக்குத்தான் உலகளவில் அது கிடைக்கிறது. வாய்வழி மார்ஃபின் விலை மிகக் குறைவு. உகாண்டாவில் பயிற்சி பெற்ற நர்சுகளே அதை எழுதித்தரச் சட்டம் இடம் கொடுக்கிறது. தம்பி, உங்கள் கற்பனை நாட்டில் கதிர்வீச்சு எந்திரம் வந்து சேர எட்டு வருடம் ஆகலாம். அதுவரை வருகிறவர்கள் எல்லோரும் முற்றிய நிலையில்தான் வருவார்கள். இரவு முழுக்க முனகுகிறவருக்கு உங்கள் திட்டத்தின் முதல் ஆண்டில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.

முதுகலை மாணவன்:

எல்லோருக்கும் நன்றி. முதல் ஆண்டில் புகையிலை வரி, இரண்டு தடுப்பூசிகள், மார்ஃபின், பதிவேடு என்று மாற்றி எழுதுகிறேன். பரிசோதனையை, சிகிச்சை வசதி வரும் வருடத்துக்குத் தள்ளுகிறேன். அக்கா, பதிவேட்டுக்கு என்னென்ன எழுத வேண்டும்? நாடு முழுவதும் ஒரே நேரத்தில் தொடங்கலாமா?

பதிவேட்டுக்காரி:

நாடு முழுவதும் வேண்டாம். மக்கள்தொகைக் கணக்கு நம்பும்படியாக இருக்கும் ஒரு பகுதியை எடுங்கள். அங்கே வசிக்கும் எல்லோரையும், அவர்கள் எங்கே போய் வைத்தியம் பார்த்தாலும் விடாமல் பிடியுங்கள். ஒரு பெண்ணுக்கு பயாப்ஸி ஓரிடம், கதிர்வீச்சு வேறிடம், இறப்பு வீட்டில் என்றால் மூன்று பெயர் எழுத்துக்கூட்டலோடு மூன்று பேராக வருவாள். அவளை ஒருத்தியாக்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஆகவே மென்பொருளுக்குப் பெரிய தொகை ஒதுக்காதீர்கள், கேன்ரெக் என்ற பதிவேட்டு மென்பொருள் லியான் முகமையிலிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. ஆட்களின் சம்பளத்தை அரசின் நிரந்தரச் செலவில் சேருங்கள். நன்கொடையாளர் பணத்தில் ஓடும் பதிவேடு அந்தப் பணம் நிற்கும் வருடத்தில் தானும் நின்றுவிடும்.

தனியார் ஆய்வகங்களும் தகவல் தந்தாக வேண்டும் என்று ஓர் அரசாணை எழுதுங்கள், நோயாளியின் அடையாளத்தைக் காக்கும் விதியும் அதிலேயே இருக்கட்டும். தரத்துக்கு மூன்று அளவுகோல் போதும்: இறப்புச் சான்றிதழ் தவிர வேறு ஆதாரமே இல்லாத கேஸ்கள் எத்தனை சதவீதம், திசுப் பரிசோதனையில் உறுதியானவை எத்தனை, சி55, சி80 என்று போனவை எத்தனை. ஆண்டறிக்கையில் இவை முதல் அட்டவணையில் வர வேண்டும். வரைவு முடிந்ததும் அந்த அத்தியாயத்தை மட்டும் இங்கே போடுங்கள், பார்த்துத் தருகிறேன்.