பெஞ்சில் யாரோ கத்தினதுக்கு மஞ்சள் அட்டை எனக்கா?

கடலோர கோச்:

எங்கள் ஊரில் 15 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு நான்கு வருடமாகக் கால்பந்துப் பயிற்சி கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது. பகலில் வலைக்கடை, சாயங்காலம் மணல் மைதானம்.

போன ஞாயிறு லீக் ஆட்டம். எங்கள் லெஃப்ட் விங்கரை எதிரணி பேக் (தடுப்பாட்டக்காரன்) மூன்று தடவை காலோடு சேர்த்துத் தூக்கிவிட்டான். விசில் இல்லை. மூன்றாவது தடவை என் பின்னால் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “ரெஃப்ரி, கண்ணாடிய வீட்லயே வெச்சிட்டு வந்தியா?” ரெஃப்ரி நேராக வந்து பெஞ்சை ஒரு பார்வை பார்த்தார். அத்தனை பேரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் அட்டையை என்னிடம் நீட்டிவிட்டுப் போய்விட்டார். சத்தியமாக நான் வாயே திறக்கவில்லை.

அந்தக் கடுப்பில், பத்து நிமிடம் கழித்து, காலடியில் கிடந்த தண்ணீர் பாட்டிலை ஓர் உதை விட்டேன். அதற்கு இரண்டாவது மஞ்சள், கையோடு சிவப்பு. மிச்ச ஆட்டத்தை மதிலுக்கு வெளியே ஒரு மீன் லாரியில் ஏறி நின்று பார்த்தேன்.

என் சந்தேகம், யாரோ பேசினதுக்கு எனக்கு அட்டை காட்ட விதியில் இடம் உண்டா?

இன்னொன்றும் உறுத்துகிறது. அதே ஆட்டத்தில் எங்கள் ஸ்டாப்பர் பையன் அந்த பேக்கின் முழங்காலைக் குறிவைத்துப் பாய்ந்தான். நல்லவேளை, படவில்லை. ஏண்டா என்றால், “நீங்கதானே சார் சொன்னீங்க, ராய் கீன் மூணரை வருஷம் காத்திருந்து ஹாலண்டை அடிச்சார்னு” என்கிறான். மான்செஸ்டர் யுனைடெட்டின் பழைய கேப்டன் கீன் என்றால் எனக்குப் பைத்தியம். ஹாலண்ட் அவர் பகை வைத்திருந்த எதிரணி ஆட்டக்காரர். மழையில் பயிற்சி நின்றால் அந்தக் கதைதான் ஓடும். இனி அதை நிறுத்திவிடவா?

விசில்காரன்:

இடம் உண்டு கோச். அணி அதிகாரிகளுக்கும் அட்டை காட்டலாம் என்று 2019-இல் விதி வந்தது. தவறு செய்தவர் யார் என்று தெரியாவிட்டால், அங்கே இருக்கும் மூத்த பயிற்சியாளர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. உங்கள் ஆள் எழுந்து நின்று ‘நான்தான்’ என்றிருந்தால் நீங்கள் தப்பித்திருப்பீர்கள்.

பாட்டிலை உதைப்பது மஞ்சள். அது கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் போயிருந்தால் நேரடி சிவப்பு. எந்தப் பக்கம் உதைத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

பழைய ஸ்டாப்பர்:

தம்பி, கீன் கதையை நிறுத்தாதீர்கள். முழுசாகச் சொல்லுங்கள்.

பையனிடம் முதலில் 1997 செப்டம்பரைச் சொல்லுங்கள். லீட்ஸ் மைதானம். ஹாலண்ட் அன்றைக்கு லீட்ஸ் ஆள். கீன் அவரைக் காலில் தட்டப் போய், தட்டிய வேகத்தில் தன் முழங்கால் தசைநாரையே அறுத்துக்கொண்டார். கீழே கிடந்தவரைப் பார்த்து, நடிக்காதே எழுந்திரு என்று ஹாலண்ட் கத்தினார். மூணரை வருஷப் பகைக்கு விதை அதுதான், சரி. ஆனால் முதலில் உதைக்கப் போனது யார்? அந்த சீசனில் மிச்ச ஆட்டம் எதிலும் கீன் ஆடவில்லை. கேப்டன் இல்லாத யுனைடெட்டிடமிருந்து ஆர்சனல் கோப்பையைக் கொண்டுபோனது.

2001 ஏப்ரல் 21, மான்செஸ்டர் டெர்பி, அதாவது யுனைடெட்டும் சிட்டியும் மோதும் உள்ளூர் ஆட்டம். ஹாலண்ட் அப்போது சிட்டி ஆள். ஹாலண்டின் வலது முழங்காலில் கீன் பாய்ந்ததும் சிவப்பு வாங்கியதும் உங்கள் பையன்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த வருஷம் வந்த தன் புத்தகத்தில், வேண்டுமென்றுதான் அடித்தேன் என்கிற மாதிரி எழுதிவைத்தார். 5 ஆட்டம் தடை, 1,50,000 பவுண்டு அபராதம். அந்த உதைதான் ஹாலண்டின் ஆட்டத்தையே முடித்தது என்று டீக்கடை வரைக்கும் சொல்வார்கள். அதுவும் சரியில்லை. அவரைப் படுத்தி எடுத்து அறுவை சிகிச்சை வரை கொண்டுபோனது இடது முழங்கால். (எர்லிங் ஹாலண்டின் அப்பா இவர் என்று சொல்லிப் பாருங்கள், பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.)

இனி நான் சொல்ல வந்தது. அதே ஏப்ரல் 21, இரண்டு வருஷம் முன்னால், 1999. டூரினில் ஜுவென்டஸுடன் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. பதினோரு நிமிஷத்துக்குள் ஜுவென்டஸின் இன்சாகி இரண்டு கோல் போட்டுவிட்டார். 24-வது நிமிஷம் பெக்கம் கார்னரில் கீன் தலையால் முட்டி ஒன்றைத் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் ஜுவென்டஸின் ஜிடேனைத் தடுக்கிவிட்டு மஞ்சள் வாங்கினார். முந்தைய ஆட்டங்களில் வாங்கியதோடு சேர்ந்து, அந்த ஒரு மஞ்சளால் இறுதி ஆட்டம் போயிற்று, அது அவருக்கும் அப்போதே தெரியும். கோபப்பட வேண்டிய ஆள், கோபப்பட வேண்டிய நேரம். ரெஃப்ரியிடம் மல்லுக்கு நிற்கவில்லை, ஜிடேனைத் தேடிப் போய் உதைக்கவில்லை. மிச்சம் ஒரு மணி நேரம் அந்த நடு மைதானமே அவருடையது. 3-2. பார்சிலோனாவில் கோப்பை வாங்கிய அன்றைக்கு அவர் கோட்டு சூட்டில் நின்றார்.

நானும் 40 வயது வரை ஸ்டாப்பர் ஆடியவன். கணுக்காலில் இன்னும் இரண்டு ஸ்க்ரூ இருக்கிறது. யாரோ உதைத்து வந்ததில்லை, நான் உதைக்கப் போய் வந்தது. மழைக்கு முதலில் அதுதான் வலிக்கும்.

ஆஃப்சைடு ஆறுமுகம்:

கோச், மனசு விடாதீங்க. 2009-இல் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில், தன் அணியின் கடைசி நிமிஷ கோலை ஆஃப்சைடு, செல்லாது என்று சொன்னதும் ஆர்சனல் பயிற்சியாளர் வெங்கரும் பாட்டிலைத்தான் உதைத்தார். வெளியே அனுப்பினார்கள். எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் யுனைடெட் ரசிகர்கள் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். உங்களுக்காவது மீன் லாரி கிடைத்தது.

கொலம்பியாவில் பெடோயா என்று ஒருவர், ஆடிய காலத்தில் 46 சிவப்பு. அப்புறம் துணைப் பயிற்சியாளர் ஆனார். முதல் ஆட்டத்தில் 21 நிமிஷம் தாங்கினார்.

கடலோர கோச்:

எல்லாருக்கும் நன்றி. விசில்காரன் சார், பாட்டில் எங்கள் பெஞ்சு பக்கம்தான் போனது, மூடி மட்டும் உள்ளே போனது.

டூரின் ஆட்டத்தை நேற்று சாயங்காலம் சொன்னேன். ஸ்டாப்பர் பையன் கேட்ட ஒரே கேள்வி, “பைனல்ல அவருக்கு மெடல் குடுத்தாங்களா சார்?”

கத்தியது யார் என்றும் தெரிந்துவிட்டது. ஐஸ் பெட்டி தூக்க வந்த என் மச்சான். அடுத்த ஞாயிறு எனக்குத் தடை. கோட்டோரம் யார் நிற்பது என்று பையன்களிடம் கேட்டேன். முதல் ஆளாகக் கை தூக்கியவனும் அவனேதான்.