புதுப்பிப்பு: அலாரம் இல்லாமல் தெளிகனவு

தெளிகனவுக்காக (கனவு காணும்போதே அது கனவென்று உணர்வது) நடுராத்திரி அலாரம் வைத்து எழ வேண்டாம் என்று போன இழையில் எழுதியதற்கு, செங்கோட்டை, புளியறைப் பக்கத்து நண்பர்கள் கேட்டது: "அப்போ எப்பதான் பழகுறது?"

விடியற்காலையில் தானாக வரும் விழிப்பே போதும். கனவுத் தூக்கம் (கனவுகள் அதிகம் வரும் தூக்க நிலை) சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். விடியல் நெருங்க நெருங்க அதன் நேரம் நீளும். விழித்ததும் புரளாதீர்கள், போனைத் தொடாதீர்கள். கடைசிக் கனவை நினைவுக்குக் கொண்டுவந்து, "அடுத்த கனவை கனவென்று கண்டுகொள்வேன்" என்று மனதில் சொல்லியபடியே தூங்குங்கள். கனவு ஆய்வாளர் ஸ்டீஃபன் லாபெர்ஜ் 1980-இல் விவரித்த முறையின் சாரம் இதுதான்.

பகலில், இது கனவா நிஜமா என்று சோதித்துப் பழக, கொல்லம் பஸ் போர்டைப் படித்துவிட்டு, பார்வையை விலக்கி மறுபடி படியுங்கள். கனவில் எழுத்து பெரும்பாலும் மாறிவிடும். ஆனால் உண்மையாகவே சந்தேகப்பட்டுப் பார்க்கணும்; பழக்கதோஷத்தில் செய்தால் கனவிலும் அப்படியே ஏமாறுவோம். பலர் தவறுவது இங்கேதான். ராத்திரி மது வேண்டாம், கனவுத் தூக்கத்தை அது குறைக்கும்.