ஒப்புகை வராததால் இருமுறை ஓடிய பம்ப்

ஆர்.எஸ்.-485 என்ற வகைத் தரவுக் கம்பி வழியாகக் கணினியிடம் கட்டளை பெற்று, திரவத்தை அளந்து ஊற்றும் ஒரு பம்புக்கு நானே தகவல் பரிமாற்ற நெறிமுறை வகுத்தேன். "50 மி.லி. ஊற்று" என்ற கட்டளை கிடைத்ததும் பம்ப் ஒப்புகை ("கிடைத்தது" என்ற பதில்) அனுப்பிவிட்டு ஓடத் தொடங்கும், 200 மில்லி விநாடிக்குள் ஒப்புகை வராவிட்டால் கணினி அதே கட்டளையை மீண்டும் அனுப்பும். எப்போதாவது ஒருமுறை 50க்குப் பதில் 100 மி.லி. ஊற்றப்பட்டது. இரண்டு நாள்கள் மோட்டாரையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கம்பியில் ஓடிய பைட்டுகளைப் பதிவுசெய்து பார்த்தபோதுதான், மோட்டார் கிளம்பும் கணத்தில் எழுந்த மின் இரைச்சல் ஒப்புகையைச் சிதைத்ததும், தரவு சிதைந்ததா என்று காட்டும் சி.ஆர்.சி. சோதனையில் தேறாத அதைக் கணினி ஒதுக்கியதும் தெரிந்தன. போகும்போது கட்டளை தொலைந்ததா, திரும்பும்போது ஒப்புகை தொலைந்ததா என்பதை அனுப்பிய கணினியால் பிரித்தறிய இயலாது.

ஒவ்வொரு கட்டளைக்கும் வரிசை எண் கொடுத்து, கடைசியாக வந்த எண்ணே மீண்டும் வந்தால் ஊற்றாமல் ஒப்புகை மட்டும் தருமாறு பம்பை மாற்றினேன். பிறகு கணினியை அணைத்து இயக்கியபோது எண் மறுபடியும் 1இலிருந்து தொடங்க, பம்பின் நினைவிலும் 1 இருந்ததால், அது பணிவாக ஒப்புகை தந்துவிட்டுச் சும்மா இருந்தது! ஒவ்வொரு தொடக்கத்திலும் புதிய அமர்வு எண் ஒன்றைச் சேர்த்த பின்பே இது தீர்ந்தது. "இன்னும் 50 ஊற்று" என்பதற்குப் பதிலாக "மொத்தம் 350 ஆகும்வரை ஊற்று" என்று கட்டளையை அமைத்திருந்தால், இருமுறை வந்தாலும் கேடில்லை என்று இப்போது தோன்றுகிறது.

*

மேலே எழுதியவருக்கு மறு அனுப்பலால் தொல்லை. எனக்கோ எத்தனை முறை அனுப்பினாலும் செய்தி போய்ச் சேரவில்லை. எச்.டி.எல்.சி. என்ற தரவுத்தொடர்பு நெறிமுறையின் வழக்கப்படி, செய்தியின் தொடக்கத்தையும் முடிவையும் 126 என்ற பைட்டால் குறித்திருந்தேன். உணரியின் அளவீடு சரியாக 126 ஆகும்போது மட்டும் செய்தி நடுவே இரண்டாக வெட்டுப்பட்டு, இரு துண்டுகளும் சி.ஆர்.சி. சோதனையில் விழுந்தன. கம்பியில் இரைச்சலே இல்லை. தரவு மாறாதவரை பிழையும் மாறாது. இரு கருவிகளை நேராக இணைக்கும் பி.பி.பி. நெறிமுறையில் உள்ளபடி, தரவில் வரும் 126ஐ 125, 94 என்றும், 125ஐ 125, 93 என்றும் மாற்றி அனுப்பியதும் சரியாயிற்று. ஆனால் இப்படி மாற்றும்போது செய்தியின் நீளம் ஏறக்குறைய இரு மடங்காகக் கூடும் என்பதை மறந்து, பெறும் பக்கத்தின் நினைவில் 64 பைட்டுகளே ஒதுக்கியிருந்தேன். அதைக் கண்டுபிடிக்க இன்னொரு வாரம் ஆனது.