ஓடும்போது பல் தெறிக்குது, வெயிட் தூக்கினா தாடை வலிக்குது: யாரைப் பார்க்கணும்?

மெரினா காலை: வயசு 47, சர்க்கரை இருக்கு. உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை ஓட்டம். கால் ஊன்றும்போதெல்லாம் இடது மேல் கடைவாய்ப்பல் விண்ணுனு தெறிக்குது. டெட்லிஃப்ட் (தரையிலிருந்து வெயிட் தூக்கறது) போட்ட ராத்திரி ரெண்டு பக்கத் தாடையும் கனத்து வலிக்குது. சொத்தை எதுவும் தெரியலை.

இதயநலன்: சர்க்கரைன்னு சொன்னதால முதல்ல இதைப் பாருங்க சார். வேகம் கூட்டினா கீழ்த்தாடையில வலி ஏறி, நின்னா சில நிமிஷத்துல அடங்குதா? அப்படின்னா பல் டாக்டருக்கு முன்னாடி இதய டாக்டர். சர்க்கரை உள்ளவங்களுக்கு நெஞ்சுவலியே இல்லாம தாடை மட்டும் வலிக்கலாம். படுக்க வெச்சு எடுக்கற ஈசிஜி சரியா வந்தாலும் அதோட விடாதீங்க, டிரெட்மில் டெஸ்ட் வேணுமான்னு கேளுங்க. நின்ன பிறகும் அடங்காம, வியர்த்துக் கொட்டி மூச்சு வாங்கினா உடனே 108.

கடைவாய்: மேல் கடைவாய்ப்பல் வேர் நுனிக்கு நேர் மேலேதான் சைனஸ் (கன்ன எலும்புக்குள்ள இருக்கற காத்து அறை) தரை. நடுவுல எலும்பு ரொம்ப மெல்லிசு. உள்ளே சளி தேங்கி வீங்கியிருந்தா, ஒவ்வொரு அடியிலும் அந்த அதிர்வு பல்லுல தெரியும். தலையை முழங்காலுக்குக் கீழே குனிஞ்சு பாருங்க. அடுத்தடுத்த பல்லெல்லாம் சேர்ந்து வலிச்சா சைனஸ் பக்கம் சந்தேகம். ஸ்பூன் காம்பால மெதுவா தட்டும்போது ஒரே பல் மட்டும் சுரீர்னா கோளாறு அந்தப் பல்லுலதான். கடிச்சிட்டு விடும்போது குத்தினா விரிசல். ஐஸ் தண்ணி பட்டு அரை நிமிஷம் தாண்டியும் வலி அடங்காம இருந்தா நரம்பு புண்பட்டிருக்கு.

மெரினா காலை: குனிஞ்சா வலி ஏறுது. இடது மூக்கு மட்டும் அடைப்பு, சளி நாத்தம்.

கடைவாய்: ஒரு பக்கம் மட்டும், நாத்தத்தோடன்னா பல் வேர்ச் சீழே சைனஸுக்குள்ள புகுந்திருக்கலாம். பல்லைச் சரிபண்ணாம மாத்திரை மட்டும் போட்டா திரும்பத் திரும்ப வரும். பல் டாக்டர், காது மூக்கு டாக்டர் ரெண்டு பேரையும் பாருங்க. சாதா எக்ஸ்ரேயில தப்பிப்போறது சிபிசிடி ஸ்கேன்ல (பல், தாடையை முப்பரிமாணமா காட்டற எக்ஸ்ரே) தெரியும். செலவு யோசனைன்னா கோட்டை ஸ்டேஷன் பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. அதுவரைக்கும் மூக்கைக் கழுவ 240 மில்லி தண்ணிக்கு அரை டீஸ்பூன் உப்பு. கொதிக்க வெச்சு ஆறின தண்ணிதான். கேன் தண்ணி, மெட்ரோ குழாய்த் தண்ணி அப்படியே வேண்டாம்.

தாடைத்தசை: ராத்திரி வலி வேற கதை. இதயம் சரின்னு தெரிஞ்ச பிறகு இதைப் பாருங்க: பாரம் தூக்கறப்ப பல்லைக் கடிக்கறீங்க. காதுக்குக் கீழே தாடை மூலையில விரல் வெச்சுக் கடிச்சா தசை புடைக்கும். மறுநாள் அங்கே அமுக்கினா அதே வலி வந்தா அதுதான். தூக்கும்போது உதடு மூடி, பல் ஒட்டாம, 'ன' சொல்ற இடத்துல நாக்கு நுனி. பாரம் ஏறும்போது மூச்சை விடுங்க. அப்புறம் வெந்நீர் ஒத்தடம் 15 நிமிஷம். பல்லுல மாட்டற, கடையில விக்கிற மெத்துனு உள்ள கார்டை (பல் உறை) சிலர் இன்னும் மெல்லுவாங்க, டாக்டர்கிட்ட அளவெடுத்துச் செய்ங்க. ஈறுல கிராம்பு எண்ணெயை நேரா வைக்காதீங்க, புண்ணாகும். ஓடறதுக்கு முன்னாடி வலி மாத்திரையும் வேண்டாம், வலி குடுக்கற எச்சரிக்கையை அது மறைச்சிடலாம்.