மேல்காடு போன பிறகு எங்கள் மலையில் நடந்தது

எங்கள் காப்பித் தோட்டத்துக்கு நேர் மேலே இருந்த காட்டை வெட்டிக் காய்கறி போட்டார்கள். வெட்டியவர்களும் சிறு விவசாயிகள்தான். கீழே வெயில் கூடி மகசூல் விழுந்ததால் குளிர்ச்சியைத் தேடி ஏறி வந்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 100 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.6 டிகிரி சூடு குறையும். வேறெங்கே போவார்கள்? ஆனால் மலையைக் குளிர வைத்திருந்ததே அந்தக் காடுதான்.

முதலில் ஊற்றில்தான் தெரிந்தது. மரங்கள் இருந்தபோது, மழையே இல்லாத காலையிலும் காட்டுக்குள் சொட்டுச் சொட்டென்று தண்ணீர் விழும். மூடுபனி கிளைப் பாசியில் படிந்து, துளியாகத் திரண்டு இறங்கும். வெளியே பத்தடி தள்ளி மண் காய்ந்து கிடக்கும். இப்போது கோடை முற்றும் முன்பே ஊற்று வற்றிவிடுகிறது. மழை வந்தாலோ மேலிருந்து செம்மண் கரைந்து எங்கள் வரப்பையும் உடைத்துக்கொண்டு போகிறது.

*

அண்ணே, நாங்கள் வேறு மலையில் காப்பி வைத்திருக்கிறோம். மூடுபனி எங்கள் பக்கமும் குறைந்துவிட்டது. இத்தனைக்கும் மலையில் யாரும் மரத்தைத் தொடவில்லை, அடிவாரச் சமவெளிக் காடுதான் போனது. கோஸ்டா ரிகாவின் மான்டவெர்டே மேகக்காடு (மேகம் அடிக்கடி மூடிக் கிடக்கும் மலைக்காடு) பற்றி 2001-ல் வந்த ஆய்வும் இதைத்தான் சொன்னது. காற்று வரும் திசையில் தாழ்நிலக் காடு அழிந்தால் காற்றில் ஈரம் குறைந்து, மேகம் இன்னும் உயரத்தில்தான் கூடும்.

அப்புறம் காய்த்துளைப்பான், காப்பிக் காயைத் துளைக்கும் சிறு வண்டு. காயின் நுனியில் ஊசி குத்தினாற்போல் ஓட்டை இருக்கும். பிளந்து பார்த்தால் கொட்டைக்குள் கருவண்டும் புழுவும். சூடு கூடக்கூட அது வேகமாகப் பெருகுகிறது. உயரத்தில் இருக்கிறோம், இங்கே வராது என்ற தைரியம் எங்களுக்குப் போய்விட்டது.

*

உங்கள் இருவரையும் போல நாங்களும் காப்பி விவசாயிகள்தான். செடிகளுக்கு நிழல் தரும் மரங்களை நாங்கள் எடுக்கவில்லை. எடுத்த பக்கத்துத் தோட்டத்தில் முதல் சில ஆண்டுகள் காய்ப்பு கூடியது உண்மைதான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் வறட்சி வந்த வருடம் அவர்கள் செடிகள் இலை தொங்கி நின்றன, எங்களுடையவை தாக்குப்பிடித்தன. மரம் இருந்தால் பறவை வரும், எறும்பு இருக்கும். இரண்டுமே துளைப்பானைத் தின்னும்.

நிழல் அடர்ந்தால் பூப்பு குறையும் என்பதால் கிளை கழித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கான கூலிதான் எங்களுக்குக் கட்டுபடியாகவில்லை. அடிக்கடி கழிக்கத் தேவைப்படாத மரம் ஏதாவது வைத்துப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அடுத்த மழைக்கு நட வேண்டும்.