வெற்றிலை போடும் அம்மாவுக்கு வாய் எரிவு: ஆடும் பல்லைப் பிடுங்கினால் போதுமா?

திருக்கோவில் மகள்:
வணக்கம். என் அம்மாவுக்கு 58 வயது. வேளாண்மை வெட்டுக்குப் போன காலம் தொட்டு, முப்பது வருடத்துக்கு மேலாக, பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்த்து வெற்றிலை போட்டு வருகிறார். கீழ்ப்பல் ஒன்று ஆடுகிறது. பல் தீட்டும்போது முரசிலிருந்து இரத்தம் கசிகிறது. சில மாதங்களாக மீன்கறியின் உறைப்புப் பட்டாலே வாய் எரிவதாகச் சொல்லி, சோற்றைத் தயிருடன் பிசைந்து உண்கிறார். பல்லைப் பிடுங்கினால் எல்லாம் தீரும் என்று நம்புகிறார். சலரோகத்துக்கு மாத்திரை எடுப்பவருக்குப் பல் பிடுங்கலாமா?

ஓய்வுபெற்ற பற்சிகிச்சையாளர், கல்லடி:
மகள், நீங்கள் பல்லைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்கோ அந்த எரிவுதான் பெரிதாகப் படுகிறது. பாக்கிலுள்ள அரிக்கோலின் என்னும் பொருள் கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நார்களைப் பெருகச் செய்வதால், நாளடைவில் கன்னம் வெளிறி இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே போகும். உறைப்புப் பட்டால் எரிவது பெரும்பாலும் அதன் தொடக்க அறிகுறி. இறுகிய கன்னம் பாக்கை விட்ட பின்னும் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. விடாவிட்டால் இன்னும் இறுகும், சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறும். புகையிலை சேர்க்காத வெற்றிலை தீங்கற்றது என்று நம் பகுதியில் பலர் சொல்வது தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட மதிப்பீட்டில், பாக்கைத் தனியாகவே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியுள்ளது.

பகல் வெளிச்சத்தில் அம்மாவின் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அவருடைய விரல்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு இடையே வைக்க முடிகிறதா? கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கின் ஓரத்திலும் அடியிலும், துடைத்தாலும் போகாத வெள்ளைப் படையோ சிவந்த படையோ தடிப்போ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ உண்டா? சிவந்த படை வெள்ளையைவிட ஆபத்தானது. நோவில்லை என்பதற்காக எதையும் விட்டுவிடாதீர்கள்.

அக்கரைப்பற்று வாசகர்:
சலரோகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சீனி கட்டுப்பாட்டில் இருந்தால் பல் பிடுங்கலாம். கூடியிருந்தால் புண் ஆறச் சுணங்கும், கிருமித் தொற்றும் ஏற்படலாம். முரசு நோய் சீனியைக் கூட்டும், கூடிய சீனி முரசைக் கெடுக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். கிளினிக் கொப்பியையும் மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோங்கள். என் தகப்பனார் விறைப்பூசிக்குப் பயந்து காலையில் ஒன்றும் உண்ணாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு போய், சீனி இறங்கி வரிசையிலேயே மயங்கிவிட்டார்.

திருக்கோவில் மகள்:
இருவருக்கும் நன்றி. இன்று காலை பார்த்தேன். இரண்டு விரல்தான் வைக்க முடிகிறது. வெற்றிலையை அடக்கும் வலது கன்னத்தில் வெள்ளையாக ஒரு படை இருக்கிறது. வீட்டுக்கு வருபவர்களுக்கு வட்டாவை நீட்டாமல் இருப்பது மரியாதைக் குறைவு என்று வெற்றிலையை விட மறுக்கிறார்.

ஓய்வுபெற்ற பற்சிகிச்சையாளர், கல்லடி:
வருபவர்களுக்குத் தேநீர் கொடுங்கள், மகள். வட்டா வீட்டில் இருக்கும்வரை அம்மாவின் கை அதற்குத்தான் போகும். பாக்கும் புகையிலையும் பழக்கத்துக்கு அடிமையாக்குவதால் முதல் சில வாரங்கள் அவருக்குச் சினம் வரும், நித்திரையும் குழம்பும். அதற்காக ஏசாதீர்கள். அரச வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவுக்கு இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். அங்கு கட்டணம் இல்லை. தேவையென்றால் வாய், முக அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் அனுப்புவார்கள். அவர் அந்தப் படையில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லக்கூடும். அதுவரை கராம்பு எண்ணெயோ வேறு எதுவுமோ அதன்மீது பூச வேண்டாம்.